பொதுப்பணத்தை மீட்போர்க்குப் பங்கு: அமெரிக்க அரசாங்கமும் வெளி வழக்கறிஞர் கட்டணமும்

முன்னுரை

அரசாங்கத்திற்குச் சேர வேண்டிய பணம் சேராமற் போவது எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் நிகழ்ந்து வந்துள்ளது. வரி மறைத்தல், போலிக் கணக்குக் காட்டிப் பணம் பெறுதல், பிறர் செய்த தீங்கினால் விளைந்த செலவை அரசாங்கத்தின் தலையில் சுமத்துதல் எனப் பல வழிகளில் பொதுப்பணம் கைநழுவுகிறது. அவ்வாறு நழுவிய பணத்தை மீட்கும் பொறுப்பு அரசாங்கத்தின் சொந்த அலுவலர்களைச் சார்ந்தது என்பதே பொதுக்கருத்து. எனினும், அவர்களால் இயலாதபோது வெளியிலிருந்து வழக்கறிஞர்களையும் முகவர்களையும் அமர்த்தி, மீட்கும் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்கே கூலியாகக் கொடுக்கும் முறையும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வழக்கு வென்றால் மீட்ட தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு, தோற்றால் ஒன்றுமில்லை. இம்முறையை இக்கட்டுரையில் 'பங்குக் கட்டணம்' எனக் குறிப்பிடுவோம்.

பங்குக் கட்டண முறை மிக விரிவாகக் கையாளப்பட்டதும், மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்டதும் அமெரிக்க ஐக்கிய நாட்டில்தான் எனலாம். அங்கு இம்முறை ஒருகால் செழித்து, பின்னர் வெறுக்கப்பட்டு, மீண்டும் தலையெடுத்த வரலாறு ஒன்றரை நூற்றாண்டைத் தழுவியது. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை நிரல்பட நோக்கி, பொதுப்பணத்தை மீட்பவர்க்கு எவ்வளவு, யார் கையால், எந்நிலையில் கொடுப்பது முறை என்பதற்கு அவ்வரலாறு தரும் அளவுகோல்களைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கத்துறையின் பாதிப்பங்கு முறை

அமெரிக்கக் குடியரசு தோன்றிய காலத்தில் அரசாங்க அலுவலர் பலர் சம்பளத்திற்குப் பணிபுரியவில்லை. அவரவர் செய்த பணிக்கேற்பக் கட்டணம் பெற்றனர். அபராதத்திலும் பறிமுதற் பொருளிலும் பங்கு பெற்றனர். 1789ஆம் ஆண்டின் சுங்க வசூல் சட்டமே பறிமுதல் தொகையில் பாதியை அரசாங்கத்திற்கும் மறுபாதியைத் துறைமுகத்தின் சுங்க அதிகாரிகளுக்கும் உரியதாக வகுத்தது. கூட்டரசின் மாவட்ட வழக்கறிஞர்களும் 1896ஆம் ஆண்டு வரையில் பெரும்பாலும் கட்டணத்தை நம்பியே வாழ்ந்தனர். நிக்கோலஸ் பரில்லோ என்னும் சட்ட வரலாற்றாசிரியர் 2013இல் வெளியிட்ட ஆய்வுநூலில், அமெரிக்க ஆட்சிமுறை இத்தகைய வருவாய் நோக்கிலிருந்து விலகிச் சம்பளமுறைக்கு மாறியதை ஒரு புரட்சி என்றே விளக்கியுள்ளார். அப்புரட்சிக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இரண்டு நம் பொருளோடு நேரடித் தொடர்புடையன.

முதலாவது, நியூயார்க் நகரின் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்னும் உலோக இறக்குமதி நிறுவனத்தைப் பற்றியது. அந்நிறுவனம் சில சரக்குகளின் மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக 1872ஆம் ஆண்டின் இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டது. குறைத்துக் காட்டியதால் அரசாங்கம் இழந்த தீர்வை ஏறத்தாழ 1,600 டாலர்தான். எனினும், ஒரு பொருளின் மதிப்புத் தவறாயினும் அச்சரக்குப் பட்டியல் முழுவதையும் பறிமுதல் செய்யச் சட்டம் இடமளித்தது. அவ்வச்சத்தினால் நிறுவனம் 1873இல் 271,017 டாலர் செலுத்தி உடன்பாடு செய்துகொண்டது. அன்றைய விதிப்படி இதில் பாதி அரசாங்கத்திற்கும், கால்பங்கு தகவல் கொடுத்தவர்க்கும், எஞ்சிய கால்பங்கு துறைமுகத்தின் மூன்று தலைமை அதிகாரிகளுக்கும் உரியது. அம்மூவருள் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான செஸ்டர் ஆர்தர்; அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 22,000 டாலர்.

இங்கே நாம் கருத வேண்டியது தொகையின் பருமை மட்டுமன்று. 1,600 டாலர் இழப்பிற்கு 271,017 டாலர் பெறுவது நியாயமா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய அதிகாரிகளே அத்தொகையில் பங்குடையவராய் இருந்தனர். விட்டுக்கொடுக்கும் உரிமையும் விட்டுக்கொடுக்காமையால் வரும் ஊதியமும் ஒரே கையில் இருந்தமையே இம்முறையின் அடிப்படைக் குறை என்பது இந்நிகழ்ச்சியால் வெளிப்பட்டது.

சான்பார்ன் ஒப்பந்தங்கள்

இரண்டாவது நிகழ்ச்சி, வெளியாரை அமர்த்திப் பொதுப்பணத்தை மீட்கும் முறைக்கு நேரடிச் சான்றாகும். 1872ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் காங்கிரசு ஒரு செலவு ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒரு விதியைச் சேர்த்து நிறைவேற்றியது. அரசாங்கத்திற்குச் சேர வேண்டிய பணத்தைக் கண்டுபிடித்து வசூலிக்க, மூவருக்கு மேற்படாத தனியாரை நிதித்துறைச் செயலர் அமர்த்திக்கொள்ள அவ்விதி இடந்தந்தது. இதன்வழி ஒப்பந்தம் பெற்றவர்களுள் ஒருவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த ஜான் சான்பார்ன். காங்கிரசு உறுப்பினர் பெஞ்சமின் பட்லரின் அரசியல் ஆதரவு பெற்றவர் இவர். வசூலிக்கும் தொகையில் சரிபாதி அவருக்குரியது என ஒப்பந்தம் கூறியது.

1872 ஆகஸ்டில் செய்யப்பட்ட முதல் ஒப்பந்தத்தில் மதுவடிப்போர் முதலிய 39 பேரின் பெயர்களே இருந்தன. பின்னர் அப்பட்டியல் படிப்படியாக நீண்டது. மரபுரிமை வரி செலுத்தாதவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் சேர்க்கப்பட்டன. 1873 ஜூலையில் 592 இரயில் நிறுவனங்களின் பெயர்களும் ஒட்டுமொத்தமாகச் சேர்க்கப்பட்டன. நாட்டின் இரயில் நிறுவனங்களுள் பெரும்பாலானவற்றைப் பட்டியலிட்டுவிட்டால், அவற்றுள் எது வரிபாக்கி செலுத்தினாலும் அதில் பாதி சான்பார்னுக்குரியதாகிவிடும் அன்றோ! அவர் வசூலித்த தொகை 427,000 டாலருக்குச் சற்று மேல். அவர் பெற்ற பங்கு 213,000 டாலருக்கு மேல்.

1874இல் கீழவையின் வருவாய்க் குழு இதனை விசாரித்தது. அத்தொகையில் பெரும்பகுதி உள்நாட்டு வருவாய்த் துறையின் இயல்பான பணியாலேயே வசூலாகியிருக்கும் என்பதே குழுவின் முடிவு. சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர் செய்யக்கூடிய, பலவிடத்துச் செய்துகொண்டும் இருந்த பணிக்கு அரசாங்கம் பாதிப்பங்கை இழந்தது. குழு நிதித்துறைத் தலைமையைக் கடுமையாகக் கண்டித்தது. செயலர் வில்லியம் ரிச்சர்ட்சன் 1874 ஜூனில் பதவி விலகினார். அவரிடத்தில் பெஞ்சமின் பிரிஸ்டோ அமர்ந்தார். தனியாரை அமர்த்த இடந்தந்த விதியைக் காங்கிரசு நீக்கியது. அதே மாதம் 22ஆம் நாள் நிறைவேறிய பாதிப்பங்கு ஒழிப்புச் சட்டம் சுங்க அதிகாரிகளின் பங்குரிமையையும் அகற்றியது. ஆர்தரின் வருவாய் 12,000 டாலர் ஆண்டுச் சம்பளத்தோடு நின்றது.

சான்பார்ன் நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் முதல் அளவுகோல் தெளிவானது. வெளியார்க்குப் பங்கு கொடுக்குமுன், அவரின்றியும் அப்பணம் வந்திருக்குமா என்று கேட்க வேண்டும். தானே வரக்கூடிய பணத்திற்குக் கொடுக்கும் பங்கு மீட்புக்கூலி ஆகாது. அதுவே மற்றோர் இழப்பாகும்.

1863ஆம் ஆண்டுச் சட்டம்: ஏறியும் இறங்கியும் வந்த விழுக்காடு

பங்குமுறை 1874இல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இராணுவத்திற்குக் கெட்டுப்போன பண்டங்களையும் போலிச் சரக்குகளையும் விற்றவர்களைத் தண்டிக்க, 1863 மார்ச் 2ஆம் நாள் அதிபர் லிங்கன் காலத்தில் பொய்க்கோரிக்கைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. மோசடியை அறிந்த தனிமனிதர் எவரும் அரசாங்கத்தின் பெயரால் வழக்குத் தொடரலாம். ஏமாற்றியவர் இழப்பில் இருமடங்கும் ஒவ்வொரு பொய்க்கோரிக்கைக்கும் 2,000 டாலரும் செலுத்த வேண்டும். கிடைப்பதில் பாதி வழக்குத் தொடுத்தவர்க்கு உரியது. இவர் அரசாங்கம் அமர்த்திய வழக்கறிஞர் அல்லர். எனினும் பொதுப்பணத்தை மீட்டுப் பங்கு பெறுபவர் என்ற வகையில் நம் ஆய்வுக்குள் அடங்குவார்.

இச்சட்டத்தின் வரலாறு, விழுக்காட்டை எவ்வாறு வரையறுப்பது என்னும் சிக்கலுக்கு நல்ல சான்றாக அமைகிறது. 1943இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்த்த மார்க்கஸ் எதிர் ஹெஸ் வழக்கில், பிட்ஸ்பர்க் வட்டாரத்து மின்பணி ஒப்பந்தக்காரர்கள் கூடிப்பேசி விலைகேட்பில் மோசடி செய்தது பற்றித் தனியார் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அரசாங்கம் முன்னரே தொடுத்த குற்றவியல் வழக்கின் குற்றப்பத்திரிகையைப் பார்த்தே அவர் தம் வழக்கை எழுதினார் என அரசாங்கம் வாதிட்டது. ஆயினும் சட்டத்தின் சொற்கள் அதற்குத் தடையாக இல்லை என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்புத் தொகை 315,100 டாலர். அதில் பாதி அவருக்குரியதாயிற்று. சான்பார்ன் காலத்துக் குறை வேறு வடிவில் மீண்டும் தோன்றியது எனலாம்.

அதே ஆண்டின் இறுதியில் காங்கிரசு சட்டத்தைத் திருத்தியது. அரசாங்கம் முன்பே அறிந்த செய்தியைக் கொண்டு வழக்குத் தொடுக்கலாகாது. அரசாங்கம் வழக்கை ஏற்றால் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமலும், ஏற்காவிடில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் பங்கு தரலாம் என்றாயிற்று. இதன் விளைவாக அடுத்த நாற்பது ஆண்டுகள் இச்சட்டம் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 1986இல் மீண்டும் திருத்தப்பட்டு, இழப்பின் மும்மடங்கும், அரசாங்கம் ஏற்கும் வழக்கில் 15 முதல் 25 விழுக்காடும், ஏற்காததில் 25 முதல் 30 விழுக்காடும் என வகுக்கப்பட்டது. அதற்குப் பின்னர் இச்சட்டத்தால் 2023ஆம் ஆண்டு வரை மீட்கப்பட்ட தொகை 75 பில்லியன் டாலருக்கு மேற்பட்டது.

பங்கு மிகுந்தால் ஒட்டுண்ணிகள் பெருகுவர். மிகக் குறைந்தால் எவரும் முன்வாரார். இவ்விரண்டு உண்மைகளையும் ஒரே சட்டத்தின் வரலாற்றில் காண முடிகிறது. மேலும், அரசாங்கம் தானே உழைக்கும் வழக்கிற்குக் குறைந்த பங்கு, தனியார் தனித்து உழைக்கும் வழக்கிற்கு மிகுந்த பங்கு எனப் பிரித்தமை, பொறுப்பையும் உழைப்பையும் அளந்து கூலி கொடுக்கும் நெறியாகும். இதனை இரண்டாம் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மிசிசிப்பியில் தொடங்கிய புகையிலை வழக்கு

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பங்குக் கட்டணம் முன்னெப்போதும் இல்லாத பேருருவம் எடுத்தது. புகைபிடித்து நோயுற்ற ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்னும் மருத்துவ உதவித் திட்டத்தின் வழி மாநில அரசாங்கங்கள் பெருந்தொகை செலவிட்டு வந்தன. புகைபிடித்தவர் தாமே தொடுத்த வழக்குகள் அதுவரை தொடர்ந்து தோற்றன. தீங்கினை அறிந்தே புகைத்தார் என்னும் வாதத்தை நடுவர்கள் ஏற்றுக்கொண்டமையே காரணம். இந்நிலையில் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் வழக்கறிஞரான மைக்கேல் லூயிஸ் 1993இல் புதிய கோணம் ஒன்றை முன்வைத்தார். மாநிலம் புகைபிடிக்கவில்லை, ஆனால், செலவை மாநிலமே ஏற்றது. எனவே, மாநிலமே வாதியாக நின்றால் அப்பழைய வாதம் செல்லாது என்பது அவர் கருத்து.

மாநிலச் சட்டத்துறைத் தலைவர் மைக் மூர் இதனை ஏற்று, 1994 மே 23ஆம் நாள் வழக்குத் தொடுத்தார். இதற்கென மாநிலக் கருவூலம் பணம் ஒதுக்கவில்லை. கல்நார் வழக்குகளால் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்த ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ் முதலிய வெளி வழக்கறிஞர்கள் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு வழக்கை நடத்தினர். ஆளுநர் கெர்க் ஃபோர்டிஸ் இவ்வழக்கையே எதிர்த்து 1996இல் மாநில உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1997இல் அவர் முயற்சி தோற்றது. ஒரு மாநிலத்தின் ஆளுநர் வேண்டாம் என்னும் வழக்கை, அம்மாநிலத்தின் பெயராலேயே, மாநிலப் பணமின்றித் தனியார் பணத்தால் நடத்த முடிந்தது என்பது இங்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது.

புகையிலை நிறுவனங்கள் பணிந்தன. 1997 ஜூலையில் மிசிசிப்பி ஏறத்தாழ 3.4 பில்லியன் டாலருக்கும், ஆகஸ்டில் புளோரிடா 11.3 பில்லியனுக்கும், 1998 ஜனவரியில் டெக்சஸ் 15.3 பில்லியனுக்கும், மே மாதம் மின்னசோட்டா 6 பில்லியனுக்கு மேலும் உடன்பாடு கண்டன. 1998 நவம்பர் 23ஆம் நாள் எஞ்சிய 46 மாநிலங்களும் 25 ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர் பெறும் பேருடன்பாட்டில் கையெழுத்திட்டன. சாலையோர விளம்பரப் பலகைகளும் கேலிச்சித்திர விளம்பரங்களும் தடை செய்யப்பட்டன. நிறுவனங்களின் மறைவு ஆவணங்கள் வெளியாயின. வெளி வழக்கறிஞர்களின் துணிவும் முதலீடும் இன்றி இது நிகழ்ந்திருக்கும் எனக் கூறுவது கடினம். சான்பார்ன் தானே வரவிருந்த பணத்தில் பங்கு கொண்டார். இவர்களோ எவரும் வராது என்று எண்ணிய பணத்தை வரவழைத்தனர். இவ்வேறுபாட்டை மறந்து இருசாராரையும் ஒரே தட்டில் நிறுத்துவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

கட்டணத்தைச் செலுத்தியவர் யார்?

வழக்கு முடிந்ததும் கட்டணச் சிக்கல் எழுந்தது. புகையிலை நிறுவனங்களே வழக்கறிஞர் கட்டணத்தைத் தனியே செலுத்தும் என்றும், தொகையை மூவர் அடங்கிய நடுவர் குழு தீர்மானிக்கும் என்றும், நடுவர் குழு தீர்மானிக்கும் கட்டணங்களுக்கு ஆண்டுக்கு 500 மில்லியன் டாலருக்கு மேல் செலுத்த வேண்டுவதில்லை என்றும் உடன்பாடு கூறியது. 1998 டிசம்பரில் அக்குழு மிசிசிப்பி வழக்கறிஞர்களுக்கு 1.43 பில்லியன், புளோரிடாவுக்கு 3.43 பில்லியன், டெக்சஸுக்கு 3.3 பில்லியன் என ஏறத்தாழ 8.2 பில்லியன் டாலர் வழங்கியது. மாநிலத்தின் உடன்பாட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் முதலில் துணிந்த மிசிசிப்பியினர்க்கே விழுக்காடு அதிகம். பின்வந்த டெக்சஸினர்க்குக் குறைவு.

மாநிலம் ஒரு காசும் கொடுக்கவில்லை என்பது அன்று பலரும் கூறிய சமாதானம். இதனை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. உடன்பாடு செய்யும் நிறுவனம் தன் மொத்தச் செலவையே கணக்கிடும். அம்மொத்தத்தில் எவ்வளவு மாநிலத்திற்கு, எவ்வளவு வழக்கறிஞர்க்கு என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. எனவே, வழக்கறிஞர்க்குச் சென்ற தொகையில் ஒரு பகுதியேனும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சென்றிருக்கக்கூடியது என்று கருத இடமுண்டு. அதனினும் முக்கியமானது வேறொன்று. பொதுப்பணத்தைச் செலவிடும் அதிகாரம் மக்களாட்சியில் சட்டமன்றத்திற்கு உரியது. கட்டணம் கருவூலத்திற்குள் வராமலே ஒருகையிலிருந்து மறுகைக்குச் செல்லும்போது சட்டமன்றம் அதனை வினவ வழியில்லாமற் போகிறது.

வினவியவிடத்து நிகழ்ந்தவை இதற்குச் சான்று. மேரிலாந்து மாநிலம் பீட்டர் ஏஞ்சலோஸ் என்னும் வழக்கறிஞருடன் 25 விழுக்காட்டுக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. 1998இல் சட்டமன்றம் வழக்கிற்கு உதவியாகச் சட்டத்தைத் திருத்தியபோது, அப்பங்கு பாதியாகக் குறைய வேண்டும் என்றது. அவரோ ஒரு பில்லியன் டாலருக்கு மேல் கோரினார். நீண்ட பூசலுக்குப்பின் 2002இல் 150 மில்லியன் டாலருக்கு உடன்பட்டார். மாசசூசெட்ஸில் 25 விழுக்காட்டு ஒப்பந்தம் பெற்ற வழக்கறிஞர்களுக்கு நடுவர் குழு 775 மில்லியன் டாலர் வழங்கியது. அது போதாதென்று அவர்கள் தம் கட்சிக்காரராகிய மாநிலத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். 2003 டிசம்பரில் சான்றாயர் குழு 25 விழுக்காடு நியாயமற்றது எனவும், 10.5 விழுக்காடே நியாயமானது எனவும் முடிவு கூறியது.

டெக்சஸில் நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. அம்மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவராயிருந்த டான் மொராலிஸ், புகையிலைக் கட்டணத்தில் பல நூறு மில்லியன் டாலரைத் தமக்கு நெருங்கிய வழக்கறிஞர் ஒருவர்க்குச் சேர்ப்பிக்க முயன்றார். 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மக்களின் வழக்கறிஞராக அமர்ந்தவரே மக்கள் பணத்தில் கைவைக்க முயன்ற நிகழ்ச்சி, ஆளை அமர்த்தும் அதிகாரமும் கட்டணம் வகுக்கும் அதிகாரமும் ஒரே அலுவலகத்தில் மறைவாக இருப்பதன் விளைவைக் காட்டுகிறது. 1873இல் நியூயார்க் துறைமுகத்தில் கண்ட அதே குறையன்றோ இது!

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

பங்குக் கட்டணம் பெறும் வழக்கறிஞர் அரசாங்கத்தின் குரலாக நிற்கலாமா என்னும் வினாவை நீதிமன்றங்கள் பலவாறு அணுகின. 1985இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் கிளான்சி வழக்கில், கொரோனா நகராட்சி அமர்த்திய வழக்கறிஞரை விலக்கியது. அவர்க்கு வென்றால் மணிக்கு 60 டாலர், தோற்றால் 30 டாலர் எனப் பேசப்பட்டிருந்தது. அரசாங்கத்தின் பெயரால் வழக்காடுபவர் நடுநிலை உடையவராதல் வேண்டும். வெற்றியில் ஊதியம் தங்கியிருந்தால் நடுநிலை குன்றும் என்று நீதிமன்றம் கருதியது. 1997இல் லூசியானா உச்சநீதிமன்றம் வேறொரு காரணத்தால் தடை விதித்தது. சட்டமன்றத்தின் இசைவின்றி மாநிலத்திற்குரிய தொகையிலிருந்து பங்கு கொடுக்கச் சட்டத்துறைத் தலைவர்க்கு அதிகாரமில்லை என்பது அதன் முடிவு.

ஈயம் கலந்த வண்ணப்பூச்சு பற்றிய வழக்குகளில் இவ்வெல்லை மேலும் தெளிவுற்றது. ரோட் ஐலண்டு மாநிலம் 1999இல் தொடுத்த வழக்கில் வெளி வழக்கறிஞர்கள் 2006இல் வெற்றி பெற்றனர். 2008இல் மாநில உச்சநீதிமன்றம் அவ்வெற்றியை நீக்கியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உழைப்பிற்கு அவர்கள் பெற வேண்டிய பங்கு இல்லாமற் போயிற்று. பங்குக் கட்டணத்தின் மறுபக்கமாகிய இழப்பையும் இங்கே காண்கிறோம். ஆயினும் அத்தீர்ப்பிலும், 2010இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் வழங்கிய சாண்டா கிளாரா தீர்ப்பிலும், இம்முறை நிபந்தனையோடு ஏற்கப்பட்டது. வழக்கின் முழுக் கட்டுப்பாடும் சம்பளம் பெறும் அரசாங்க வழக்கறிஞர் கையில் இருத்தல் வேண்டும். உடன்பாடு செய்யும் முடிவு அவர்க்கே உரியது. எதிர்த்தரப்பினர் அவரை நேரே அணுக வழி வேண்டும் என்பன அந்நிபந்தனைகள்.

கூட்டரசு அரசாங்கம் வேறு வழியிற் சென்றது. 1999இல் தன் சொந்த வழக்கறிஞர்களைக் கொண்டே புகையிலை நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. 280 பில்லியன் டாலர் கோரிய பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தடுத்துவிட்டது. பணம் இல்லை என்றான பின்னும் வழக்குத் தொடர்ந்தது. 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், அந்நிறுவனங்கள் பல்லாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின எனத் தீர்ப்பளித்தார். அதன் விளைவாக, புகையிலையின் தீங்கை ஒப்புக்கொள்ளும் திருத்த அறிவிப்புகளை 2017 நவம்பர் முதல் அந்நிறுவனங்களே வெளியிட நேர்ந்தது. பங்கை நம்பியிருக்கும் வழக்கறிஞர் உண்மைக்கான அறிவிப்பில் விழுக்காடு பெற இயலாது. பணம் கிட்டாது என்று தெரிந்த பின்னும் ஒரு வழக்கு நடத்தத்தக்கதாக இருக்கலாம் என்பதைச் சம்பளம் பெறும் வழக்கறிஞரே காட்ட முடிந்தது.

வரம்பு கட்டும் முயற்சிகள்

2007 மே 16ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் பிறப்பித்த 13433ஆம் எண் ஆணை, கூட்டரசுத் துறைகள் பங்குக் கட்டணத்தில் வழக்கறிஞரை அமர்த்துவதைத் தடை செய்தது. மாநிலங்கள் பல தடைக்கு மாறாக வரம்பை நாடின. புளோரிடாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் படிமுறையில் விழுக்காட்டைக் குறைத்தது. முதல் 10 மில்லியன் டாலருக்கு 25 விழுக்காடு. அடுத்த 5 மில்லியனுக்கு 20. அதற்கடுத்த 5 மில்லியனுக்கு 15. அடுத்த 5 மில்லியனுக்கு 10. 25 மில்லியனுக்கு மேற்பட்டதற்கு 5 விழுக்காடு மட்டுமே. மொத்தத்தில் 50 மில்லியன் டாலரைத் தாண்டலாகாது. சான்றாக, 30 மில்லியன் டாலர் மீட்டால் நேர் 25 விழுக்காட்டில் 7.5 மில்லியன் ஆகும். இப்படிமுறையிலோ 5 மில்லியன்தான். தொகை பெருகும் வேகத்தில் உழைப்புப் பெருகுவதில்லை என்னும் எளிய உண்மையின் மீது அமைந்த கணக்கு இது.

ஓபியாய்டு வலிநீக்கி மருந்துகள் பற்றிய வழக்குகளிலும் புகையிலைப் பாடம் நினைவுகூரப்பட்டது. மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 26 பில்லியன் டாலருக்கு 2021இல் உடன்பட்டபோது, ஊராட்சிகளின் வழக்கறிஞர்கள் பெறும் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என நீதிபதி டான் போல்ஸ்டர் ஆகஸ்டில் ஆணையிட்டார். முன்னரே செய்த ஒப்பந்தங்கள் அதனினும் மிகுந்த விழுக்காட்டைக் கூறியிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாடுகளின் நிலை

மலேசிய, சிங்கை வாசகர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. நீரிணைக் குடியேற்றங்களில் அபின் வருவாயை ஏலத்தில் குத்தகைக்கு விட்டு, வசூலைத் தனியார் கையில் ஒப்படைத்த முறை 1910 வரையில் நிலவியது. எனினும், வழக்கறிஞர் கட்டணத்தைப் பொறுத்தவரை ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றிய நம் நாடுகள், வழக்கின் பயனில் வழக்கறிஞர் பங்கு கொள்வதைத் தொடக்கமுதல் ஐயத்தோடு நோக்கின. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு, வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம் என்னும் ஒப்பந்தத்தை விலக்குகிறது. சிங்கப்பூரில் 2022 மே மாதம் முதல் குறிப்பிட்ட சிலவகை நடவடிக்கைகளில் நிபந்தனைக் கட்டணம் இடம்பெற்றுள்ளது. ஆயினும், மீட்ட தொகையில் விழுக்காடாகப் பெறுவது விலக்கப்பட்டே உள்ளது.

இம்மரபு நமக்குச் சிக்கலே இல்லை என்று காட்டுவதன்று. 1எம்டிபி விவகாரத்தில் 2020இல் கோல்ட்மன் சாக்ஸ் 2.5 பில்லியன் அமெரிக்க டாலர் ரொக்கம் தர உடன்பட்டது. 2021இல் அம்பேங்க் குழுமம் 2.83 பில்லியன் ரிங்கிட் தர உடன்பட்டது. இத்தகைய பெருமீட்புகளில் வழக்கறிஞர்க்கு மணிக்கணக்கில் கொடுப்பதா, முன்கூட்டியே ஒரு தொகை பேசுவதா என்னும் வினா இங்கும் எழும். மணிக்கணக்கு முறையில் வழக்கு நீள நீளக் கட்டணம் பெருகும். மீட்கப்படாவிடினும் செலவு பொதுமக்களுடையதே. பங்குமுறையின் குறைகளை அறிந்த நாம் மணிமுறையைக் குறையற்றதாக எண்ணிவிடலாகாது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், பொதுப்பணத்தை மீட்கும் வெளியார்க்குக் கூலி கொடுக்கும் முறையில் ஒரு சுழற்சியை நாம் காண்கிறோம். அரசாங்கத்திற்கு ஆளும் பணமும் குறையும்போது பங்கு கொடுத்து வெளியாரை அழைக்கிறது. பங்கு பெருகியதும் மக்கள் வெகுள்கின்றனர். சட்டம் பங்கைக் குறைக்கிறது, அல்லது ஒழிக்கிறது. பின்னர் வலிய எதிரி ஒருவன் முன் அரசாங்கம் மீண்டும் கையற்று நிற்கும்போது பழைய வாயில் மீண்டும் திறக்கப்படுகிறது.

இச்சுழற்சியினூடே ஐந்து அளவுகோல்களைப் பிரித்தறிய முடிகிறது. வெளியாரின்றியும் பணம் வந்திருக்குமா என்பது சான்பார்ன் கற்பித்தது. உழைப்புக்கும் இடருக்கும் ஏற்பப் பங்கு ஏறி இறங்க வேண்டும் என்பது 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிற்கால வரலாறு கற்பித்தது. கட்டணத்தைச் சட்டமன்றமும் மக்களும் காணும்படி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது மேரிலாந்தும் டெக்சஸும் கற்பித்தது. வழக்கின் கடிவாளம் சம்பளம் பெறும் அரசாங்க வழக்கறிஞர் கையைவிட்டு நீங்கலாகாது என்பது நீதிமன்றங்கள் கற்பித்தது. தொகை பெருகுந்தோறும் விழுக்காடு குறைய வேண்டும் என்பது புளோரிடா கற்பித்தது.

இவ்வைந்தும் கட்டணத்தைப் பற்றியவை. ஆனால், வரலாறு இவற்றுக்கெல்லாம் முந்திய வினா ஒன்றையும் எழுப்புகிறது. மிசிசிப்பியில் நோயுற்ற ஏழையின் மருத்துவச் செலவை மீட்க மாநிலத்திடம் பணமில்லை. ஒரு தனி வழக்கறிஞரிடம் இருந்தது. திறமை வாய்ந்த சொந்த வழக்கறிஞர்களை வளர்த்துப் பேணும் செலவை எந்த அரசாங்கம் வீண் எனக் கருதுகிறதோ, அந்த அரசாங்கம் அச்செலவைப் பின்னொருநாள் பன்மடங்காக விழுக்காட்டுக் கணக்கில் செலுத்த நேரும் என்பதே இவ்வாய்வின் வழி நாம் காணும் முடிபாகும்.